லாந்தருக்குப் போட்ட நீல ஊசி

என் உயிருக்கு உயிரான தவமணி அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். லாந்தர் பிழைத்துக்கொண்டான். இதை எழுதும்போது என் நாற்காலிக்குக் கீழே படுத்து என் செருப்பு வாரை மென்றுகொண்டிருக்கிறான். திட்ட மனம் வரவில்லை. மெல்லுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதே என்றுதான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நம் சபைப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். லாந்தரின் காரியத்தில் நான் செய்ததைப் பற்றி ஈப்போவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே தடவையில் சொல்லிவிடலாம் அல்லவா? ஆனால் முதலில் சொல்ல வேண்டியது உனக்கு.

படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் அக்கா பத்து காஜா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிரசவம் பார்க்கும் மிஸியாக இருந்தாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் லயத்துக்கு நடந்தே போவாள். முன்னால் ஒரு கறுப்பு நாய் போகும். ரப்பர் மரங்களுக்கு அடியில் பகலிலேயே இருட்டு. அந்த இருட்டில் கண்ணுக்கே தெரியாத நாய்க்கு லாந்தர் என்று பேர் வைத்தவள் என் அக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவன் குரைப்பு கேட்டால் மிஸியம்மா வந்தாச்சு என்று லயத்தில் வெந்நீர் வைப்பார்களாம்.

நீ போனபின் அவனை ஈப்போவுக்குக் கூட்டிவந்து, பள்ளிக்கூடத்துக் குவார்ட்டர்ஸில் என்னோடு வைத்துக்கொண்டேன். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு நாய் என்றால் அவ்வளவு பிரியம் கிடையாது. விடுமுறைக்கு நான் உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவனிடம், "சித்தி வந்துட்டா பாரு, போ, முத்தம் குடு" என்பாய். நாய்க்கெல்லாம் என்னைச் சித்தியாக்காதே என்று நான் சள்ளென்று விழுவேன். நீ சிரிப்பாய். அவன் என் சேலையெல்லாம் சேறாக்குவான்.

ஈப்போவில் வெள்ளைக்காரர்கள் சாமான் வாங்கும் கடை ஒன்று இருக்கிறதே, அதன் கண்ணாடிக்கு வெளியே நாம் இருவரும் நின்று சிரித்தது நினைவிருக்கிறதா? நாய்க்கென்று தனி பிஸ்கட், நாய்க்கென்று தனி சோப்பு, தோல் பட்டைக்குப் பித்தளைக் கொக்கி. லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத பிஸ்கட் என்று நான் கோபப்பட்டேன். நீ கோபப்படவில்லை. "வாசனையா இருக்குமோ அந்த சோப்பு?" என்று மட்டும் கேட்டாய்.

வாசனையாக இல்லை, அக்கா. தார் நாற்றம். போன மாதம் வாங்கினேன்.

மழைக்காலம் முடிந்ததும் அவன் மேல் உண்ணி ஏறிவிட்டது. மண்ணெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து தடவினேன், ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அதற்குள் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். ஈறு வெள்ளைத் துணி போல வெளுத்துப்போனது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. இவனும் போய்விட்டால் மண்ணுக்குக் கீழே இருக்கிற உன்னிடம் எப்படிப் போய்ச் சொல்வது என்று அவனைச் சாக்கில் கிடத்தி ரிக்‌ஷாவில் ஏற்றினேன். ரிக்‌ஷா இழுத்த சீனர் நாய்க்கும் சேர்த்துக் கூலி கேட்டார். கொடுத்தேன்.

மாட்டு டாக்டர் துரையின் ஆபீஸில் எருமைகளும் வண்டிமாடுகளும் வரிசையில் நின்றன. அங்கே வேலை பார்க்கும் நம் ஆள் ஒருவர் சாக்கைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாடுன்னா கவர்மெண்டு பார்த்துக்கும், டீச்சரம்மா. வேலை செய்யிற ஜீவன் பாருங்க. நாய்ன்னா ஆசைக்கு வளக்குறது. அது சொந்தச் செலவு."

இவனும் வேலை செய்தவன்தான் என்றேன். என்ன வேலை என்றார். பிரசவம் பார்க்கப் போவான் என்று சொல்ல வாய் வந்தது; அடக்கிக்கொண்டேன்.

துரை நல்ல மனிதர். காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துப் பூதக்கண்ணாடி எந்திரத்தில் பார்த்தார். உண்ணிக் காய்ச்சல், ரத்தத்தில் பூச்சி என்றார். அதற்கு ஊசி மருந்து உண்டு, சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வரவழைக்க வேண்டும். மருந்தின் விலை, ஊசி போடும் கூலி, பிறகு வந்து பார்க்கும் கூலி என்று அவர் அடுக்கியபோது என் சம்பளம் கண்முன்னால் கரைந்துகொண்டே போனது. அப்புறம் குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னார். வேண்டாமென்றால் இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம், வலியில்லாமல் முடித்துவிடுவார்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

கொல்வது இலவசம், அக்கா. பிழைக்க வைக்கத்தான் காசு. யாரைக் குற்றம் சொல்வது? அவர்கள் சட்டம் அப்படி. ஆனால் அந்த வராந்தாவில் நின்றபோது, லயத்திலிருந்து வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு "எவ்வளவு ஆகும் மிஸியம்மா?" என்று முதலில் அதைத்தான் கேட்பார்களாமே, அந்தப் பெண்களின் முகம் எனக்கு முதல் தடவையாகப் புரிந்தது.

என்னிடம் இருந்த ஒரே பணம் உன் கல்லுக்காகச் சேர்த்தது.

இதை இவ்வளவு பட்டவர்த்தனமாக எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மதராஸில் நான் கல்லூரியில் படித்தது உன் சம்பளத்தில். உனக்குத் திருப்பி எதுவும் செய்ய நீ விடவில்லை. கடைசியில் கல்லறைக்கு ஒரு கல் வைப்பதாவது என் கையால் நடக்கட்டும் என்றுதான் மாதாமாதம் சேர்த்துவந்தேன். சீனக் கல்தச்சரிடம் சொல்லியிருந்தேன்; அவரும் நான் எழுதிக்கொடுத்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து வெட்ட ஆரம்பித்துவிட்டார். தமிழ் எழுத்து அவருக்குக் கோலம் மாதிரி. உன் பேரில் முதல் இரண்டு எழுத்து முடிந்திருந்தது.

துரையிடம் மருந்து வரவழையுங்கள் என்று சொல்லிவிட்டு நேரே கல்தச்சரிடம் போனேன். காசு இப்போது இல்லை, வெட்டுவதை நிறுத்தி வையுங்கள் என்றேன். அவர் உளியைக் கீழே வைக்காமலே சிரித்தார்.

"தாப்பா, தாப்பா, பரவாயில்ல. கல்லு எங்கயும் ஓடாது லா. நாய்தான் ஓடிப்போகும்."

அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மருந்து வந்தது. கண்ணாடிக் குழாயில் அது மை மாதிரி நீலமாக இருந்தது. நரம்பில் ஏற்றினார்கள். லாந்தர் முனகக்கூட இல்லை. என் கையை நக்கினான். மறுநாள் பார்த்தால் அவன் ஈறு நீலம், நாக்கு நீலம், கண்ணின் வெள்ளையெல்லாம் நீலம். மருந்தின் நிறம் அப்படியே உடம்பில் ஊறிவிடுமாம், வடிய நாளாகுமாம். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள். "டீச்சர், லாந்தர் மைக்கூட்டைக் குடிச்சிட்டுது" என்று ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். அன்று சாயங்காலம் அவன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அது வேறு அழுகை.

செலவு அதோடு நிற்கவில்லை. உண்ணி வராமலிருக்க அந்தத் தார் சோப்பு. வெறிநாய்ப் பயம் என்பதால் தெருவில் இறங்க வாய்க்கூடு. கழுத்தில் லைசென்ஸ் தகடு. தோட்டத்தில் நீ எதுவும் இல்லாமல் வளர்த்தாய். டவுனில் நாய் வைத்திருப்பது சின்னக் குடும்பம் வைத்திருப்பது மாதிரி. துரைமாரின் மேம்களைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் உன் வருஷ நினைவு நாள் கல் இல்லாமலே போயிற்று. அறுப்பின் பண்டிகைக்குத் தோட்டத்து ஜனங்கள் ஈப்போ கோயிலுக்கு வருவார்கள், வந்தால் மிஸியம்மாவின் கல்லைப் பார்க்காமல் திரும்பமாட்டார்கள் என்று தெரியும். நாய்க்கு ஊசி போட்டு அக்காவின் கல்லை விழுங்கிவிட்டாள் என்று அவர்கள் சொன்னால்? அந்த ஒரு பயம்தான் ஊசியின் சந்தோஷத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

பண்டிகை நாளில் லாந்தரைத் தனியே விட மனமில்லாமல் கூடவே கூட்டிப்போய்ப் பந்தல் காலில் கட்டினேன். தோட்டத்திலிருந்து வந்த குழந்தையம்மா அவனைப் பார்த்துவிட்டாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், நான்கு பிள்ளைகளையும் உன் கையில் பெற்றவள். செத்துவிட்டான் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். அப்படியே உட்கார்ந்து அவன் தலையைத் தடவி, தன் கூந்தலில் இருந்த பூச்சரத்தை எடுத்து அவன் கழுத்தில் சுற்றினாள். நான் காப்பி கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டேன்.

அங்கேதான் வந்தது வினை. நம் கோயிலில் காணிக்கையாக வருகிற ஆடு, கோழிக்குத்தானே கழுத்தில் பூச்சுற்றுவோம்? பூச்சுற்றியது பந்தல் காலில் நின்றால் அது ஏலத்துக்கு. இந்த வருஷம் ஏலம் போட பாகான் செராயிலிருந்து ஓர் உபதேசியாரை வரவழைத்திருந்தார்கள், நல்ல குரல். அவருக்கு லாந்தரைத் தெரியாது. போன வருஷம் யாரோ நாய்க்குட்டி ஒன்றைக் காணிக்கை வைத்தார்கள் என்பது மட்டும் தெரியும். ஆட்டுக்குட்டி முடிந்தது, சேவல் முடிந்தது. நான் காப்பித் தட்டோடு திரும்பினால், "நீல நாக்கு நாய்! எந்தத் துரை வீட்டுலயும் கிடையாது! ஒரு வெள்ளி, ஒரு தரம்!"

ஒரு தரம் என்று சொல்லியாகிவிட்டால் திரும்ப எடுக்கக்கூடாது, அது ஆண்டவருடையது. அந்த வழக்கம் எனக்கே தெரியும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நானே. தட்டை யார் கையிலோ திணித்துவிட்டு நானும் ஏலம் கேட்டேன். உடனே பின்னாலிருந்து முத்தையா கங்காணி அதற்குமேல் கேட்டார். உன் தோட்டத்துக்காரர், நீ பிரசவம் பார்த்த இரட்டைப் பிள்ளைகளின் அப்பா, உனக்கு நன்றாகத் தெரியும். நான் ஏற்றினேன். அவர் ஏற்றினார். அவர் பக்கத்திலிருந்த ஆம்பிளைகள் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்து இன்னும் ஏற்றினார்கள். பன்றி வேட்டைக்கு நல்ல நாய் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் கைப்பை காலி. மூன்றாம் தரம் விழுந்தது அவர்களுக்கு.

ஊசியில் பிழைத்தவனை ஏலத்தில் விட்டுவிட்டேனே என்று நின்றேன், அக்கா. கங்காணி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். கயிற்றை என் கையில் வைத்தார்.

"நீங்க எதுக்குக் கேட்டீங்க, டீச்சரம்மா? உங்களுக்கு எடுத்துக் குடுக்கத்தானே நாங்க கேட்டோம். உங்களாலதான் வெலை ஏறிப்போச்சு."

பந்தல் முழுக்கச் சிரித்தது. உபதேசியார் விஷயம் தெரிந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போதகர் ஐயா எழுந்து, இது காணிக்கையாக வந்த ஜீவன் அல்ல, ஆகவே பணத்தைக் கோயில் வாங்காது என்றார். கங்காணி திருப்பி வாங்கமாட்டேன் என்றார். பணம் மேஜைமேல் அப்படியே கிடந்தது. அப்போது கூட்டத்தில் யாரோ, மிஸியம்மா கல்லுக்குப் போடுங்களேன், கல்லு எப்படி இருக்கு டீச்சரம்மா என்று கேட்டார்கள்.

நான் சொல்லிவிட்டேன். கல் இல்லை, பாதியில் நிற்கிறது, அந்தக் காசுதான் இவன் நாக்கில் நீலமாகத் தெரிகிறது என்றேன். முதலில் குழந்தையம்மாதான் பேசினாள். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை, லாந்தரின் கழுத்தில் நழுவிய பூவைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"மிஸியம்மா இருந்திருந்தா கல்லா வாங்கியிருக்கும்? ஊசிதானே போட்டிருக்கும்."

அவ்வளவுதான். ஊசி போட்ட நாளிலிருந்து என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப்போயிற்று. உன்னை என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறதே என்று கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஏன் இதை நானே யோசிக்கவில்லை?

மேஜைமேலிருந்த பணத்தைக் கல்தச்சரிடம் கொடுத்துவிட்டேன். முழுதுக்கும் பற்றாது, மீதியை நான் பழையபடி சேர்ப்பேன். மூன்றாவது எழுத்து வெட்டியாகிவிட்டது, கடைசி எழுத்து பாக்கி. லாந்தரின் நாக்கில் நீலம் வடிந்துகொண்டு வருகிறது. ஓரத்தில் மட்டும் இன்னும் இருக்கிறது. அது முழுதும் போய்விட்டால் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அக்கா. கல் வந்துவிடும், நிச்சயம். ஆனால் அதற்குள் இவனுக்கு மறுபடி காய்ச்சல் வந்தால் மறுபடியும் உன் கல்லில்தான் கை வைப்பேன். அப்போது உன்னிடம் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டேன்.

செருப்பு வார் அறுந்துவிட்டது. இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருகிறான்.

உன் தங்கையும்
லாந்தருக்குச் சித்தியுமான
செல்லம்