அண்ணன் வீட்டில் நீங்கள் மாட்டிய அலாரம்

என் பிரியமான அப்பாவுக்கு,

செல்வி எழுதுகிறேன். நீங்கள் கண்ணை மூடி நாலு வருடம் ஆகிறது. நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகள் பிரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நார்த்தாமலை வீட்டில், நீங்கள் படுத்திருந்த அறையில்தான் இருக்கிறார்கள். குழந்தைக்கு அப்படியே உங்கள் நெற்றி. என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அந்த நெற்றி வாய்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கடிதம் முழுக்க இப்படித்தான் இருக்கும். எனக்கு அண்ணன் மேல் பொறாமை. நாற்பத்தாறு வயதில் வெட்கமாக இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இருந்தும் வயிறு எரிகிறது. ஊரே படித்தாலும் படிக்கட்டும்.

ஷார்ஜாவில் பதினெட்டு வருடம் அடுக்குமாடி வீடுகளில் அலாரம் மாட்டுகிற வேலை பார்த்தீர்கள். ஒரேயடியாக ஊர் திரும்புவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்தது நினைவிருக்கிறதா? "ஆத்தா, ஒன் வீட்டுக் குளியலறையில கேஸ் கீசர் வச்சிருக்கியே, அதுக்கு ஒரு அலாரம் கொண்டு வாரேன். புகையையும் பாக்கும், கார்பன் மோனாக்சைடையும் பாக்கும். அது வாசனையே இல்லாத விஷம். ஆளைச் சாச்சிரும்" என்றீர்கள். நான் விராலிமலையில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன்.

வந்தீர்கள். பெட்டியைப் பிரித்தீர்கள். மறுநாளே அண்ணன் வீட்டில் உங்கள் அறைச் சுவரில் அதை மாட்டிவிட்டீர்கள். எனக்கு ஆறு பாட்டில் தைலம். மறந்துவிட்டீர்களா, மனசு மாறிவிட்டதா? அன்றைக்குக் கேட்டிருக்கலாம். கேட்டால் அலைகிறவள் என்று அண்ணி நினைப்பாளோ என்று வாயை மூடிக்கொண்டேன். தைலம் தீர்ந்தும் அந்த ஆத்திரம் தீரவில்லை.

நீங்கள் இருந்தவரை மாதம் ஒருமுறை காய்ந்த துணியால் அதைத் துடைப்பீர்கள். நீங்கள் போன பிறகு அது சாமி ஆகிவிட்டது. ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை, மோட்டார், அண்ணனின் பைக் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற கையோடு, "மாமா பொழச்ச பொழப்பு" என்று அண்ணி அதற்கும் வைத்தாள். அதுவும் ஒரு பொட்டு இல்லை. காற்று உள்ளே போகிற சின்னச் சின்ன ஓட்டைகள் மேல் தாராளமாக அப்பினாள். நாலு வருடத்துச் சந்தனம் அதன் மேல் காறையாகக் காய்ந்து கிடந்தது.

போன வருடம் உங்கள் திதிக்கு இரண்டு நாள் முன்பு அது கூவ ஆரம்பித்தது. நிமிடத்துக்கு ஒரு தரம் 'கீக்' என்று. அண்ணன் பேட்டரியை மாற்றிப் பார்த்தான். நிற்கவில்லை. அண்ணி முடிவு கட்டிவிட்டாள். "புது பேட்டரி போட்டும் கூவுதுன்னா அது மிசினு இல்லைங்க. மாமாதான் பேசுறாங்க." அதன் பிறகு வீட்டில் எதை முடிவு செய்வதென்றாலும் உங்கள் அறையில் நின்றுதான். பிரியாவுக்கு வளைகாப்புத் தேதி சொன்னபோது நீங்கள் கூவினீர்களாம். சம்மதமாம். நிமிடத்துக்கு ஒருதரம் கூவுகிற பொருள் எதற்குத்தான் சம்மதிக்காது?

சிரிக்காதீர்கள். நானும் போய் அதன் கீழே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கூவலுக்கும் கூவலுக்கும் நடுவில் என் கஷ்டங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் வீட்டில் உங்களுக்குப் பேச ஒரு சுவர் கிடைக்கவில்லையே என்று அழுகை வந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனால் என்ன என்ற எண்ணமும் அப்போதே வந்தது. இதை மறைக்க மாட்டேன். பிறகு நடந்ததற்கெல்லாம் இதுதான் குறுக்கே நின்றது.

பிள்ளை பிறந்த இருபதாம் நாள் காலையில் பார்க்கப் போயிருந்தேன். பிள்ளைக்குக் காற்றுப் படக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய சேலையைத் திணித்திருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் சட்டி நிறையக் கரித்தணல். பிள்ளையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி போட்டிருக்கிறார்கள். புகை அடங்கியும் சட்டியை வெளியே எடுக்கவில்லை, சூடு நல்லதாம். பிரியா நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, தெனமும் இந்நேரத்துக்குத் தலை வெடிக்குது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றாள். "பச்சை ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றாள் அண்ணி. மேலே அலாரம் கீக் என்றது. "பாரு, மாமாவும் ஆமாங்குறாங்க."

எனக்கு நீங்கள் ஒரு தரம் போனில் அலுத்துக்கொண்டது சட்டென்று ஞாபகம் வந்தது. "இன்னைக்கு நாப்பது அலாரம் கழட்டுனோம் ஆத்தா. பட்டனை அமுக்குனா எல்லாம் நல்லாத்தான் கத்துது. அதனால வீட்டுக்காரங்க கழட்ட விடமாட்டேங்குறாங்க. கத்துறது வேற, மோப்பம் வேற. கெழட்டு நாய் மாதிரி, கொரைக்கும், மோந்து பாக்காது. பின்னாடி தேதி போட்டிருக்கான், அதை ஒருத்தரும் பாக்குறதில்லை."

மூடிய அறையில் கரித்தணலும் அந்த வாசனையில்லாத விஷத்தைத்தான் கக்கும். முதலில் ஜன்னலைத் திறந்தேன். சட்டியைத் தூக்கி வாசலில் வைத்தேன். பிறகு ஸ்டூலில் ஏறி அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். மாற்ற வேண்டிய தேதி தாண்டி ஒரு வருடம் ஆகியிருந்தது. பேட்டரி மாற்றியும் ஓயாமல் அது கூவியது, என் ஆயுசு முடிந்தது என்னைக் கழற்று என்பதற்காகத்தான். அந்தக் கூவலுக்குக் கீழே நாங்கள் எல்லோரும் கைகட்டி நின்றிருக்கிறோம்.

அண்ணன் வந்தான். கையிலிருந்து அதை வாங்கிப் பட்டனை அமுக்கினான். வீடு அதிரக் கத்தியது. "நல்லாத்தானே இருக்கு" என்றான். தேதியைக் காட்டினேன். பார்க்கவே இல்லை. "இங்க பாரு செல்வி. இது வந்த நாள்லேர்ந்து ஒனக்கு இது மேல ஒரு கண்ணு. எனக்குத் தெரியாதா? வேணும்னா வேணும்னு கேளு. பச்சைப்புள்ளையைக் காட்டிப் பயமுறுத்தாதே."

அப்பா, அவன் சொன்னதில் பொய் எது? பிரியாவைப் பற்றி நான் பயந்தது நிஜம். அதை என் பைக்குள் போட்டுக்கொண்டு போக ஆசைப்பட்டதும் நிஜம். இரண்டும் ஒரே வாயில் இருந்தால் எவன் நம்புவான்? பேசாமல் இருந்தால் அவன் ஸ்டூலில் ஏறி மறுபடி மாட்டிவிடுவான். நாளைக் காலையில் அதே சட்டி, அதே சாத்திய ஜன்னல்.

"ஆமாண்ணே, கண்ணுதான்" என்றேன். "எனக்குன்னு சொல்லிட்டு ஒன் வீட்டுல மாட்டுனாருன்னு இன்னைக்கு வரைக்கும் வயிறு எரியுது. ஆனா இது எனக்கு வேணாம். அப்பா படத்துக்குக் கீழ நீயே வச்சுக்க. காலத்துக்கும் ஒன் வீட்டுலயே இருக்கட்டும், ஒருநாளும் கேக்கமாட்டேன். சுவத்துல மட்டும் வேணாம்."

அண்ணன் அதற்குப் பிறகுதான் அதைத் திருப்பித் தேதியைப் படித்தான். பேட்டரியை நான்தான் கழற்றினேன். கூவல் நின்றது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் உங்கள் வாயை என் கையாலேயே பொத்திவிட்டது போலத்தான் இருந்தது.

மறுநாள் திருச்சியில் நாலு கடை ஏறி இறங்கி, புகை, விஷவாயு இரண்டையும் பார்க்கிற புது அலாரம் ஒன்று வாங்கினேன். அண்ணன்தான் மாட்டினான். அதற்கும் அடுத்த நாள் காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டிய பிறகு, பழக்க தோஷத்தில் அண்ணி ஜன்னலைச் சாத்திச் சட்டியை உள்ளே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அலாரம் நிற்காமல் அலறியிருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். டாக்டரிடம் காட்டினோம், இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. சட்டி அன்றோடு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டது. பிரியாவுக்குத் தலைவலியும் போய்விட்டது.

இப்போது அண்ணி வருகிறவர்களிடம் எல்லாம் என்ன சொல்கிறாள் தெரியுமா? "மாமாதான் கத்திக் காப்பாத்துனாங்க." கடை கடையாக அலைந்தவள் நான், பேர் உங்களுக்கு. இத்தனை நாள் அண்ணன் மேல் மட்டும் இருந்த பொறாமை இப்போது உங்கள் மேலும் வந்துவிட்டது.

போன வாரம் அண்ணன் பொங்கல் சீர் கொண்டு வந்தான். பச்சரிசி, வெல்லம், மஞ்சள்கொத்து, கரும்பு, சேலை. தாம்பாளத்தில் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் ஒரு புது அலாரம். "ஸ்டூல் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டான். கீசருக்கு நேர் மேலே வேண்டாம், நீராவி அடிக்கும் என்று பெட்டியில் இருந்த தாளைப் படித்துப் பார்த்து, குளியலறைக்கு வெளியே மாட்டிவிட்டு இறங்கினான். "அப்பா மறக்கலை செல்வி. ஒனக்குன்னுதான் கொண்டாந்தாரு. அன்னைக்கு நான்தான் என் வீட்டுலயே மாட்டச் சொன்னேன்" என்றான். ஏன் என்று கேட்டேன். "எனக்கு மட்டும் வயிறு எரியாதா?" என்றான்.

அவனுக்கு எதன் மேல் எரிச்சல் அப்பா? நீங்கள் போன் செய்கிறபோதெல்லாம் முதலில் என்னிடம் பேசினீர்களே, அதன் மேலா? எனக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே இலையில் பொங்கல் சாப்பிட்டோம்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இரண்டு அலாரத்தின் தேதியையும் என் சமையலறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். அண்ணன் வீட்டு அலாரத்துக்கு நாள் வரும்போது, அது எவ்வளவு நன்றாகக் கத்தினாலும், அதில் யார் பேசுவதாகச் சொன்னாலும், நானே போய்க் கழற்றுவேன். என்னுடையதற்கு அதைவிட எட்டு மாதம் ஆயுசு அதிகம். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அவனுக்குக் கொஞ்சமும் சளைக்காத,
உங்கள் மகள் செல்வி