கதைக்குள் வந்து பேசினவள்

பலேர்மோ
இத்தாலி
09.02.2025

அன்பின் அகஸ்ரீனா,

முழங்கால் வலி குறைந்ததா? இங்கே பலாரோ சந்தையில் தோடம்பழம் மலிந்து கிடக்கிறது. உன்னை நினைத்துக்கொண்டுதான் உரிக்கிறேன்.

ஊருக்கு வரும் ஏர்னஸ்ற் அண்ணையிடம் என் நாவலைக் கொடுத்துவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் என் கட்டுரைகளைச் சிவப்பு மையால் குதறுவாயே, அப்படியே திருத்தித் தா.

ஒரு சிக்கல். நாற்பத்தாறாம் பக்கத்தில் கதைநாயகி அனிற்றா ஊரிலுள்ள தோழிக்கு எழுதுகிறாள்: “வேலைக்கு ஆள் தேடின சிஞ்ஞோராட்டை உன்ரை படத்தைக் காட்டினனான். வேண்டாமெண்டிட்டா.” உடனே நான் உள்ளே புகுந்து, ‘வாசகரே, இவள் அந்த வீட்டுக்கார அம்மாவிடம் கேட்கவேயில்லை’ என்கிறேன். “எழுதுறவர் கதைக்குள்ளை தலையைப் போடக்கூடாது, அந்த வரியை வெட்டுங்கோ” என்கிறார் பதிப்பாளர். வெட்டவா, விடவா? நீ சொல்வதுதான் முடிவு.

உன் மலர்


பேசாலை
11.03.2025

மலர்,

எழுத்துப்பிழை நாற்பதுக்கு மேல். நீ திருந்தமாட்டாய். நாம் நடத்திய கையெழுத்துப் பத்திரிகை ஞாபகம் வந்து தனியே இருந்து சிரித்தேன். பிறகு நாற்பத்தாறாம் பக்கம் வந்தது.

2002இல், நானும் அங்கே வரப் படம் அனுப்பி வேலை கேட்டபோது, நீ எனக்கு எழுதியதும் அதே வசனம்தான். அன்றிலிருந்து நான் படத்துக்கு நிற்பதில்லை, தெரியுமா? என் முகத்தைப் பார்த்துத்தான் அந்த மனுசி வேண்டாமென்றாள் என்று நினைத்திருந்தேன். மகளின் கல்யாண ஆல்பத்திலும் நான் இல்லை. பிள்ளை எவ்வளவு அழுதாள்!

வரியை வெட்டாதே. புத்தகம் முழுக்க உன் குரல் கேட்பது அங்கே மட்டும்தான். ஆனால் அரைகுறை. ஏன் கேட்கவில்லை? உள்ளே வந்தவள் அதையும் சொல்லிவிட்டுப் போகவேண்டாமா? வாசகர் கிடக்கட்டும். எனக்குச் சொல்லடி.

அகஸ்ரீனா


பலேர்மோ
29.03.2025

அகஸ்ரீனா,

மூன்று தாள் கிழித்துவிட்டேன். எப்படி எழுதினாலும் கதையாகிவிடுகிறது.

உன் முகத்தில் ஒரு குறையுமில்லை. படத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

நம் பத்திரிகையில் எல்லோரும் தேடி வாசித்தது உன் கதையைத்தான். இங்கே ஒரு விழா மலரில் என் கதை வந்த புதிதில், கோயிலில் சனம் என்னை “எழுத்தாளர்” என்று கூப்பிடத் தொடங்கியிருந்தது. நீ வந்து இரண்டு கதை எழுதினால் என்னை யார் தேடுவார்கள்? அந்தப் பயம்தான். வேறு காரணமென்றால் எப்போதோ சொல்லியிருப்பேன். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

நீ கேட்டது வீடு கூட்டித் துடைக்கிற வேலை. அதையும் உனக்குக் கிடைக்காமல் செய்துவிட்டேன்.

இது புத்தகத்தில் வராது. எனக்குப் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. நீ திரும்பக் கதை எழுது, அகஸ்ரீனா.

புனிதமலர்