‘நபர் ஆ’ கடைக்கு வரும் நாட்கள்

அனுப்புநர்:
பெயின்ட் கடைக்காரரின் மகள்,
தங்கள் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் மனைவி
(அவருடைய ஆய்வறிக்கையில் ‘நபர் இ’).

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
நிர்வாகக் கட்டடம், இரண்டாம் தளம்.

பொருள்: வணிக முடிவுகளுக்கான தரவுப் பகுப்பாய்வு என்னும் முதுகலைப் படிப்பில் என் கணவர் வாங்கியுள்ள முதல் மதிப்பெண்ணைக் குறைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மதிப்பெண்ணைக் கூட்டித் தரச் சொல்லும் மனுக்கள் தங்கள் மேசையில் குவிந்து கிடக்கும். இது அந்த ரகம் அல்ல. ஆகவே தாங்கள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு படிக்கலாம்.

1. எங்கள் பெயின்ட் கடையில் மூன்றே பேர். என் தகப்பனார் உரிமையாளர். என் கணவர் கல்லாவில் உட்கார்ந்து பில் போடுபவர். நான் நிறம் கலக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவள். இந்த வயதில் மேல்படிப்பு படிக்க ஆசையாக இருக்கிறது என்று என் கணவர் சொன்னபோது முதலில் சந்தோஷப்பட்டவர் என் தகப்பனார்தான். மாப்பிள்ளை மாலை வகுப்புக்குத் தாமதமாகக் கூடாது என்று தினமும் சாயங்காலம் அவரே வந்து கடையைப் பூட்டினார்.

2. படிப்பு ஏற ஏற வீட்டில் வரைபடங்களும் ஏறின. குளியலறையில் யார் அதிக நேரம் இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு டேஷ்போர்டு. எனக்கு எப்போதெல்லாம் கோபம் வருகிறது என்பதற்கு ஒரு கோடு. அவர் வீட்டில் இருக்கும் நேரங்களில் என் கோபம் உச்சத்தைத் தொடுவதாக அந்தக் கோடு காட்டியது. அவர் செய்த ஆய்வுகளிலேயே அது ஒன்றுதான் உருப்படி.

3. இறுதி ஆய்வுக்கு எங்கள் கடையின் விற்பனை விவரங்களையே எடுத்துக்கொண்டார். பெயர்களை மறைக்க வேண்டும் என்பது தங்கள் விதியாம். எனவே அவர் ‘நபர் அ’, அப்பா ‘நபர் ஆ’, நான் ‘நபர் இ’. கண்டுபிடிப்பு இதுதான்: ‘நபர் அ’ தனியாகக் கல்லாவில் இருக்கும் நாட்களில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது. ‘நபர் ஆ’ கடையில் இருக்கும் நாட்களில் பாதியாகப் படுத்துவிடுகிறது. பரிந்துரை: ‘நபர் ஆ’ கடைக்கு வருவதைத் தவிர்க்கலாம்.

4. ஐயா, வெயில் அடிக்கும் நாட்களில் என் தகப்பனார் கடையில் இருக்கவே மாட்டார். கட்டட வேலை நடக்கிற இடமெல்லாம் அலைந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, எத்தனை லிட்டர் ஆகும் என்று சொல்லி, பெயின்டர்களை எங்கள் கடைக்கு அனுப்பிவைப்பார். வந்தவர்களுக்கு பில் போட்டுத் தருவது மட்டுமே என் கணவரின் வீரச்செயல். மழை பெய்தால் வேலைகள் நின்றுவிடும். அன்றைக்குத்தான் அப்பா கடையில் வந்து உட்காருவார். கொட்டுகிற மழையில் எந்தப் புண்ணியவான் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பான்? இதைக் கண்டுபிடிக்க முதுகலைப் பட்டம் தேவையில்லை. ஜன்னல் ஒன்று போதும்.

5. ஆய்வுகளை அரங்கேற்றும் நாளில், தொழில் கூட்டாளர் என்று அப்பாவையும் அழைத்திருந்தீர்கள். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை திரையில் கோடுகளைக் காட்டிப் பேசி முடித்ததும் எழுந்து நின்று கைதட்டியவரும் அவர்தான். தங்கள் துணைவேந்தர் தொழில் கூட்டாளருக்கான சான்றிதழைக் கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வீடு திரும்பும் வழியில்தான் அவர் யோசித்திருக்கிறார். கடையில் இருப்பது மூன்று பேர். தான்தான் ‘அ’ என்று மாப்பிள்ளையே மேடையில் சொல்லிவிட்டார். நிறம் கலப்பவர் ‘இ’ என்றும் சொன்னார். மறுநாள் காலை கடைச் சாவியை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு, "யூனிவர்சிட்டியே சொல்லிடுச்சு மாப்ளே, அதுக்கு மேல நாம என்ன பெரிய ஆளா" என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

6. நான் ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியரை நேரில் சந்தித்து மழை விஷயத்தை எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டேட்டாவுல மழை இல்லையேம்மா" என்றார். அப்போது அவர் தம் குடையை உதறிக்கொண்டிருந்தார். தங்கள் அலுவலக எழுத்தரிடம் போனேன். மறுமதிப்பீடு என்பது மதிப்பெண் ஏறுவதற்குத்தான், இறங்குவதற்கு வழியில்லை என்றார். "வீட்டுக்காரர் மேல அவ்ளோ கோவமா?" என்றும் விசாரித்தார். ஆமாம் என்றேன்.

7. என் கணவர் கெட்டவர் அல்லர். மழையைப் பற்றி நான் சொன்னதும் முகம் வெளிறிப்போய், "அய்யய்யோ" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மாமாவிடம் போய், "நான் சொன்னது தப்பு, கடைக்கு வாங்க" என்று கெஞ்சவும் செய்தார். ஆனால் அப்பா நம்பவில்லை. மாப்பிள்ளை மரியாதைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டார். வாயால் சொல்வதைவிட முத்திரையோடு வந்ததுதானே அவருக்குப் பெரிது. தங்கள் சான்றிதழைச் சட்டம் போட்டு கூடத்தில் மாட்டி, தினமும் துடைக்கிறார்.

8. கடைக்கு ஆகாதவன் கடைக்காக ஏன் அலைய வேண்டும் என்று அப்பா அலைவதையும் நிறுத்திய பிறகு பெயின்டர்கள் வருவதும் நின்றுவிட்டது. இப்போது வெயில் நாளிலும் கடை ஈயடிக்கிறது. இந்தச் சரிவுக்கான காரணத்தை ஆராய்ந்தால் முனைவர் பட்டமே வாங்கலாம் என்று தங்கள் பேராசிரியர் என் கணவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார். அந்த விண்ணப்பம் தங்களிடம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

9. இன்று காலை நல்ல மழை. பழக்க தோஷத்தில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, குடையோடு வாசல் வரை வந்துவிட்டார். நானும் வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன். சட்டென்று நின்று, "வேண்டாம்மா, நான் வந்தா யாவாரம் படுத்துடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினார்.

எனவே ஐயா, என் கணவரின் மதிப்பெண்ணை நியாயமான அளவுக்குக் குறைக்க வேண்டுகிறேன். அவருக்கும் இதில் சம்மதம்; கீழே கையெழுத்திட்டிருக்கிறார். அது விதிப்படி முடியாது என்றால் அதை அவரே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் என் தகப்பனார் பெயருக்குப் பல்கலைக்கழக முத்திரையோடு ஒரே ஒரு கடிதம் அனுப்புங்கள். வியாபாரம் படுத்ததற்குக் காரணம் மழை, நீங்கள் இல்லை, கடைக்குப் போங்கள் என்று அதில் இருந்தால் போதும். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அவருடைய மூக்குக்கண்ணாடி இன்னும் கடை இழுப்பறையில்தான் இருக்கிறது. அதை எடுக்கக்கூட அவர் வர மாட்டேன் என்கிறார்.

நாள்: இன்று, மழை விடாத மதியம்
இடம்: நிறம் கலக்கும் இயந்திரத்தின் அருகில்

தங்கள் முடிவுக்காகக் கடையைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்,
‘நபர் இ’

மேற்கண்டவை உண்மை, மழையைச் சேர்க்காமல் விட்டது நான்தான்.
‘நபர் அ’