அப்பாவின் ஐந்தாவது தருணம்

பார்மா,
மார்ச் 11

என் அருமை லிடியா கண்ணுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம், என் முழங்காலும் உன் அப்பாவின் வாயும் நீங்கலாக. ஹெல்சிங்கிக் குளிரில் நீயும் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, இரண்டு வேளையாவது சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அக்டோபரில் நம் ஊர் ஓபரா அரங்கில் பாட உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும், முடியாது என்று எழுதப்போவதாகவும் சொல்லியிருந்தாய். அந்தப் பதிலைத் தபாலில் போடுமுன் இதை முழுக்கப் படித்துவிடு. அதற்குப் பிறகும் முடியாது என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன், ஒரு வாரத்துக்கு.

குளிர்காலம் முழுக்க நம் வீட்டில் நடந்த கூத்தைக் கேள். உன் அப்பாவுக்கு ஜனவரியில் எழுபது முடிந்தது. அரங்கின் மேல்மாடத்தில் உட்கார்ந்து கேட்கிற அந்தச் சங்கத்து ஆட்களின் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, எழுபதைத் தொட்டவன் தன் வாழ்நாளில் கேட்ட ஓபராக்களிலிருந்து ஐந்தே ஐந்து தருணங்களைத் தேர்ந்தெடுத்து, சங்கத்தின் ஞாயிறு மதிய விருந்தில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள், சாகும்வரை மாற்ற முடியாது. என்னைக் கட்டிக்கொள்ள இரண்டு நாள்கூட யோசிக்காத மனிதர் இதற்கு இரண்டு மாதம் யோசித்தார். சமையலறை மேசை முழுக்கக் காகிதம், சாகிறவர்கள் பாடும் பாட்டெல்லாம் ஒரு பக்கம், பிரிகிறவர்கள் பாடுவதெல்லாம் இன்னொரு பக்கம். கறி அடைத்த அனோலினிக்கு மாவு தேய்க்க இடம் கேட்டால், "கொஞ்சம் பொறு இயோலே, இந்தக் கிழ ராஜா பாட்டை எங்க வைக்கிறதுன்னே தெரியல" என்பார். அடுப்பில் வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். கத்திக்குத்து வாங்கியவன் எட்டு நிமிடம் பாடிவிட்டுச் சாவதை ஐம்பது வருடமாகப் பார்த்து இன்னும் கண்ணைத் துடைத்துக்கொள்கிற ஆள் இவர். என்னைக் கேட்டால் எனக்குப் பிடித்த தருணம் இடைவேளைதான், செருப்பைக் கழற்றலாம். முடிவெட்டும் பிரிமோ வேறு தினமும் வந்து, "யோவ் எர்மெஸ், அன்னிக்கு அவனுக்குக் கடைசி வரியில மூச்சே பத்தல, அதைப் போயி எழுதியிருக்கியே" என்று கிளப்பிவிடுவான். "உன் காதுல முடி மொளச்சு அடைச்சிருக்கு, மொதல்ல அதை வெட்டு" என்பார் இவர். இப்படியே பிப்ரவரி போய்விட்டது.

ஆறு வருடத்துக்கு முன் நடந்ததை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நம் அரங்கில் உன் பாட்டின் நடுவில் உச்சத்துக்குப் போக வேண்டிய சுரத்தைக் கீழே எடுத்தாய். சுரத்தைத் தட்டிக்கழிப்பவர் யாராக இருந்தாலும் விசில் அடித்து மானத்தை வாங்குவது மேல்மாடத்துச் சட்டம். முதல் விசில் உன் அப்பாவுடையது. ஆற்றங்கரையில் விளையாடிக்கொண்டிருந்த உன்னைச் சாப்பிடக் கூப்பிட அவர் இரண்டு விரலை வாயில் வைத்து அடிப்பாரே, அதே விசில். ஆயிரம் பேருக்கு நடுவிலும் உனக்கு அது தெரிந்துவிட்டது. அன்று உனக்கு என்ன ஆயிற்று என்று நீயும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பெற்ற பெண்ணுக்கே விசிலடிக்கிறவன் இந்த ஊரைத் தவிர வேறெங்கும் பிறந்திருக்க மாட்டான். அன்றிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வருகிறாய், அப்பாவிடம் பனி எப்படி என்று கேட்கிறாய், அவரும் வானிலை நிலையம் மாதிரி பதில் சொல்கிறார், அத்தோடு சரி. உங்கள் இருவருக்கும் நடுவில் நான் தபால்காரி வேலை பார்க்கிறேன், சம்பளம் கிடையாது.

போன ஞாயிறு வாசித்தார். புதுச் சட்டை, காலர் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். முதல் நான்கும் எல்லாரும் எதிர்பார்த்ததுதான், கிழ ராஜாவுக்கும் ஒரு இடம் கிடைத்தது. பிறகு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டார். "அஞ்சாவது, ஆறு வருஷம் முன்னாடி, நம்ம அரங்குல. ஒரு பொண்ணு சுரத்தைக் கீழ எடுத்துட்டா. விசில் வந்துச்சு. அவ உள்ள ஓடிப்போகல. நேரா மேல எங்களைப் பாத்தா. மிச்சப் பாட்டைப் பாடறதுக்கு ஒரு மூச்சு எடுத்தா. அந்த மூச்சுதான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தட்டில் வைத்த பன்றித்தொடை இறைச்சியை யாரும் தொடவில்லை. பிரிமோதான் எழுந்து, "சொந்தக்காரங்க பாடினதை எழுதக் கூடாதுன்னு விதி இருக்கே எர்மெஸ்" என்றான். "பாட்டை நான் எழுதலையே. மூச்சைத்தான் எழுதினேன். மூச்சுக்கு விதி இருந்தா காட்டு" என்றார் உன் அப்பா. ஒரு மணி நேரம் சண்டை, பிறகு ஓட்டு. ஏழுக்கு ஒன்பது, தோற்றுப்போனார். வேறு ஒன்றைச் சொல் என்றார்கள். "வேற இல்ல. நாலோட மாட்டுங்க" என்றார். இப்போது சுவரில் எல்லாருக்கும் ஐந்து வரி, உன் அப்பாவுக்கு நான்கு, அதற்குக் கீழே வெறும் காகிதம். எதிராக ஓட்டுப் போட்ட பிரிமோ வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான், அது தனிக் கதை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன், அக்டோபரில் அவள் வந்து மறுபடியும் சுரத்தைக் கீழே எடுத்தால் என்ன செய்வீர்கள் என்று. யோசிக்கவே இல்லை, "விசில் அடிப்பேன். வேற என்ன பண்ணச் சொல்றே?" என்றார். கைப்பையால் ஒன்று போடலாமா என்று வந்தது. உன்னிடம் பொய் சொல்லி உன்னை வரவழைக்க எனக்கு விருப்பமில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். ஆனால் அன்று அந்த ஒரு மூச்சைக் கேட்ட காது அந்த மாடத்தில் அவருடையது மட்டும்தான், அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் குரலை இந்த ஊரில் உட்கார்ந்து கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது கண்ணு. அவ்வளவுதான்.

கடவுளும் மாதாவும் உன்னைக் காப்பாற்றட்டும், உன் தொண்டையைத் தனியாகக் காப்பாற்றட்டும். தேன் அனுப்பியிருக்கிறேன், தேநீரில் போடாமல் அப்படியே சாப்பிடு. அரங்குக்குப் பதில் சொல்ல இருபத்தைந்தாம் தேதிதான் கடைசி, மறக்காதே. உறையில் போடப்போனேன், உன் அப்பா பேனா கேட்கிறார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா இயோலே

லிடியா, நீ இங்கே பாடிய அன்று காலை காபி கேட்ட குரலிலேயே உனக்குத் தொண்டை கட்டியிருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இது உன் அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்துதான் விசில் அடித்தேன்.
அப்பா