எனக்குக் கேட்ட மாத்திரை

அன்புள்ள அண்ணிக்கு,

காபியில் சர்க்கரை போதவில்லை என்று வார்டில் சண்டை போட்டீர்களாம். அண்ணன் போனில் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. ரத்த வாந்தி நின்றுவிட்டதை அதற்கு அப்புறம்தான் சொன்னார்.

இங்கே காலர் தைக்கும் வரிசையில் உங்கள் மிஷின் துணி மூடியபடி இருக்கிறது. சூப்பர்வைசர் வேறு ஆளை உட்காரவைக்கப் பார்த்தார். நான் விடவில்லை.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, டாக்டரைக் கேக்காம இந்த வலி மாத்திரையைத் தொடவே கூடாது. யாரு குடுத்தது?" என்று டாக்டர் கேட்டாராமே. நீங்கள் முந்திக்கொண்டு, "நானேதான் கடையில வாங்கினேன்" என்றீர்களாம். அண்ணன் அதை நம்பிக்கொண்டிருக்கிறார். இன்று சாயங்காலம் அவரிடம் நானே சொல்லிவிடுவேன்.

அன்று நீங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, "இது எனக்கு நல்லாக் கேக்குது அண்ணி, போட்டுக்குங்க" என்று அட்டையோடு எடுத்து நீட்டினேன். நான்கு நாளில் அட்டை காலி. எனக்குக் கேட்டது உங்களுக்கும் கேட்கும் என்று நினைத்தேனே தவிர, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சீக்கிரம் வந்து வாய் நிறையத் திட்டுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் நாத்தனார்