கீரிக்கு வைத்த மீன்தலை

கலகெதர, 1932. நோன்பு பன்னிரண்டு.

விடியுமுன் உண்ணும் சஹர் சோற்றின் மீதியைப் பின்படியில் வைத்தால் எங்கள் பூனையும் காட்டுக் கீரியும் ஒரே தட்டில் சண்டையில்லாமல் தின்னும். ஆனால் கீரி நாலு கோழிக்குஞ்சைக் கொண்டுபோய்விட்டது. இன்று விடிந்ததும் பூனையை அறையில் அடைத்துவிட்டு, மீன்தலையில் எலிமருந்து தடவி வைத்தேன். சற்று நேரத்தில் தட்டு காலி. பத்து மணிக்கு அதே கீரி வேலியில் துள்ளி ஓடியது. அறைக் கதவைத் திறந்து பார்த்தேன்; எங்கள் பூனை உள்ளேதான் இருந்தது.

லுஹர் தொழுகைக்குப் பிறகு அடுத்த வீட்டு ஆயிஷா ராத்தா வந்தார்.

“தம்பி, எங்கட பூனையக் கண்டீங்களா? காலையிலிருந்து காணல்ல. புள்ள அழுறா.”

“இல்ல ராத்தா, நான் காணல்ல.”

நோன்பு வாயால் சொன்னேன்.

மஃரிபுக்கு அவர் வீட்டுக் கஞ்சி வழக்கம்போல வந்தது. தண்ணீரால்தான் நோன்பு திறந்தேன். கோப்பை இன்னும் மூடியபடி மேசையில் இருக்கிறது. வெறுங்கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்களிடம் இல்லை. நாளைக்கு அதில் எதை வைத்துக் கொடுப்பேன்?