பிடியை விட்டவன்

சங்கரன்கோவில்,
22-8-1951

அன்பு நண்பன் தங்கப்பழத்துக்கு ஆவுடையப்பன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு மட்டும் முழங்கையில் இன்னும் தோல் மூடவில்லை. உன் தோள் எப்படி இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை நடந்த இறுதி ஆட்டத்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில் பாதி, சடுகுடு பார்ப்பதற்காகவே ஊருக்குத் திரும்பாமல் தங்கியதாகச் சொல்கிறார்கள். கேடயத்தை எங்கள் அப்பா ஜவுளிக்கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். சேலை எடுக்க வருகிறவர்கள் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறார்கள்.

பரிசளிப்பில் கமிட்டித் தலைவர் பேசியது உனக்குச் சரியாகக் கேட்டிருக்காது. நீங்கள் தள்ளி நின்றுகொண்டிருந்தீர்கள். "ஜெயிப்பதற்குப் பலம் இருந்தால் போதும், தோற்பதற்குத்தான் பண்பு வேண்டும். அந்தப் பண்பு பனவடலிசத்திரத்து அணியிடம் நிறைய இருக்கிறது. அது அவர்களிடம் என்றைக்கும் குறையாமல் இருக்க வேண்டும்" என்று வாழ்த்தினார். நல்ல கைதட்டல்.

விருந்தில் உங்களுக்குப் பின்கட்டில் இலை போட்டதைத் தவறாக நினைத்திருக்கமாட்டாய். ஒரே அடுப்பில் வெந்த சோறு, ஒரே சாம்பார். பாயசம் உங்கள் பக்கம் வருவதற்குள் தீர்ந்துவிட்டது என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஜெயித்த கேப்டன் தோற்ற கேப்டனுக்குத் துண்டு போடுவது நம் பக்கத்து வழக்கம். நாலு முழத் துண்டு ஒன்று போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. கடையிலிருந்த சரிகை வேட்டியையும் அங்கவஸ்திரத்தையும் எடுத்துவந்து உனக்குப் போட்டேன். உன் ஆட்டத்துக்கு அது தகும்.

இன்னொரு செய்தி. ஒரு ஹைஸ்கூலில் டிரில் மாஸ்டர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கேடயம் வாங்கிய அணியின் கேப்டன் என்பதால் அநேகமாகக் கிடைத்துவிடும். உன் நல்ல வாக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் மறவாத,
ஆவுடையப்பன்


பனவடலிசத்திரம்,
27-8-1951

மதிப்பிற்குரிய நண்பர் ஆவுடையப்பன் அவர்களுக்குத் தங்கப்பழம் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. எட்டாவது வரை ஒரே வகுப்பில் இருந்தோம். களத்தில் 'ஏலே' என்று கூப்பிட வருகிறது. காகிதத்தில் வரமாட்டேன் என்கிறது. அதனால் இப்படித்தான் எழுதுவேன்.

தோள் இறங்கியிருந்தது. வைத்தியர் ஏற்றிக் கட்டுப் போட்டிருக்கிறார். பருத்திக்காட்டுக்கு ஒற்றைக் கையோடு போய்வருகிறேன். பாயசத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அப்படி ஒன்று இருந்ததே உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தை நேராகக் கேட்கிறேன். கடைசிப் பாட்டு. இரண்டு பக்கமும் இருபத்தொன்று. நீங்கள் பாடி வந்தீர்கள், நான் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். நடுக்கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது உங்கள் பாட்டு நின்றது. உங்கள் வாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. மூச்சு விட்டவனை அதற்குமேல் பிடித்திருக்கக் கூடாது என்று சொல்லித்தான் நம் எல்லோரையும் பழக்கினார்கள். பிடித்தால் மூச்சு முட்டி ஆள் செத்துப்போவான். அதனால் விட்டேன். விட்ட பிறகு நீங்கள் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டு, மறுபடியும் 'சடுகுடு' என்றீர்கள். அம்பயர் கையைப் பார்த்தார், விசில் ஊதினார்.

நான் உடனே சண்டை போடவில்லை. மூச்சு விட்டவர் தாமே சொல்லிவிட்டு வெளியே போவதுதான் முறை. நீங்கள் சொல்வீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் உங்களைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

கேடயம் உங்களிடமே இருக்கட்டும். எங்கள் தெருவில் என்னை வேறு விதமாகப் பேசுகிறார்கள். கையில் கிடைத்த ஆளை ஏன் விட்டான், சரிகை வேட்டிக்கு விட்டான் என்கிறார்கள். எங்கள் தெருவில் சரிகை வேட்டி கட்டிய ஆள் கிடையாது. கட்டினால் ஏன் கட்டினாய் என்று கேட்க வெளியிலிருந்து ஆள் வரும். அதனால் பெட்டியில் வைத்தேன். இப்போது ஒளித்து வைத்திருக்கிறான் என்கிறார்கள்.

'என் மூச்சு விட்டது, அதனால்தான் அவன் பிடியை விட்டான்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

தங்கப்பழம்


சங்கரன்கோவில்,
3-9-1951

அன்பு தங்கப்பழம்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தோள் இறங்கிய செய்தி மிகவும் வருத்தம் தந்தது.

நீ சொல்கிற அந்த நிமிஷத்தை எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். கூட்டத்தின் இரைச்சலும் புழுதியும்தான் ஞாபகம் இருக்கிறது. மூச்சு என்பது கண்ணுக்குத் தெரிகிற பொருளா? விட்டதென்றும் சொல்லலாம், விடவில்லை என்றும் சொல்லலாம். இப்படிச் சந்தேகம் வருமென்றுதான் அம்பயர் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். அவர் ஊதிய பிறகு நீயும் நானும் வேறு சொல்வது அவரை அவமதிப்பதாகும். விளையாட்டுப் பண்பு என்பது அதுதானே. தலைவர் உங்களைப் பாராட்டியதும் அதற்காகத்தானே.

ஜனங்கள் நாலு நாள் பேசுவார்கள். பிறகு பருத்தி விலை ஏறும், அல்லது இறங்கும். அதைப் பேசப் போய்விடுவார்கள். நீ பெரிய மனசு படைத்தவன், பொறுத்துக்கொள்.

இன்டர்வியூ நல்லபடியாக முடிந்தது. 'வாழ்க்கையில் நீர் கற்ற முக்கியமான பாடம் என்ன?' என்று கேட்டார்கள். நேர்மையாக ஆடுவது என்று சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். ஆர்டர் வருகிறவரை யார் காதிலும் எந்த வம்பும் விழாமல் இருப்பது நல்லது என்று அப்பா நினைக்கிறார்.

உன் தங்கை பூமாரிக்கு வரன் பார்ப்பதாகச் சொன்னாயே, என்ன ஆயிற்று? கல்யாணச் சேலை எங்கள் கடையில் எடுக்கலாம். பார்த்துப் போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஆவுடையப்பன்


பனவடலிசத்திரம்,
8-9-1951

நண்பர் ஆவுடையப்பன் அவர்களுக்கு,

பூமாரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவளுக்குப் பேசியிருந்தது காளிராஜை. உங்களுக்குத் தெரியும், எங்கள் அணியில் வலது ஓரம் நிற்பவன். ஆட்டம் முடிந்த மறுநாளிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. நேற்று டீக்கடையில் நானாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன மாப்ள, ஒரு வார்த்தையும் பேச மாட்டேங்க?" என்றேன்.

"யாருல ஒனக்கு மாப்ள? சரிகை வேட்டிக்காரங்கிட்ட போய்க் கேளு."

"ஏலே, அவரு மூச்சு விட்டாருல. சத்தியமாச் சொல்லுதேன்."

"விட்டா வெளிய போயிருப்பாருல்லா? ஏன் போகல?"

அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறது. கடைக்காரர் எனக்கு டீ ஆற்றிக்கொண்டே, "பாத்துக் குடி வே, சூடா இருக்கு. பிடிச்சதக் கீழ விட்டுராத" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நல்ல வேடிக்கைதான், சொல்லப்பட்டவன் நானாக இல்லாவிட்டால் நானும் சிரித்திருப்பேன்.

ஊரை விற்றவன் வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்று காளிராஜ் வீட்டில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் எடுக்காவிட்டால் இந்தத் தெருவில் வேறு யாரும் எடுக்கமாட்டார்கள். பூமாரி எனக்குச் சோறு போடுகிறாள், போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள்.

வருகிற வெள்ளிக்கிழமை சாவடியில் தெருக் கூட்டம். என்னை விசாரிக்கப் போகிறார்கள். உங்கள் வரி வியாழக்கிழமைக்குள் வந்தால் போதும். கூட்டத்தில் நாட்டாமை படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். எங்கள் சாவடியில் பேசுவது சங்கரன்கோவில் வரைக்கும் போனதில்லை. எங்கள் பேச்சுக்கு அவ்வளவு கால் கிடையாது.

தங்கப்பழம்


சங்கரன்கோவில்,
12-9-1951

அருமை நண்பா,

இது வியாழக்கிழமையே உன் கையில் கிடைக்க வேண்டும் என்று, பனவடலிசத்திரம் போகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கேட்டதை எழுதுகிறேன். என் மூச்சு விட்டது. கோட்டைத் தொடுவதற்கு முன்பே விட்டது. நீ பிடியை விட்டதும் எனக்குத் தெரிந்தது. வெளியே போகத்தான் நினைத்தேன். ஆனால் கை நீண்டுவிட்டது. விசில் ஊதிய பிறகு சொல்ல வாய் வரவில்லை. அந்தக் குறுகுறுப்பில்தான் துண்டுக்குப் பதில் வேட்டியை எடுத்துவந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. இதை எழுதியதும் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருக்கிறது.

ஆனால் இது உனக்காக மட்டும் எழுதியது. யாரிடமும் காட்டாதே. நாட்டாமையிடமும் காட்டாதே. படித்துவிட்டுக் கிழித்துவிடு. வேலை ஆர்டர் நேற்றுத்தான் வந்தது, திங்கட்கிழமை சேர வேண்டும். இந்தச் சமயத்தில் இது வெளியே வந்தால் என் நிலைமை என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். உண்மை உனக்கும் எனக்கும் தெரிந்திருந்தால் போதாதா?

நீ வார்த்தை தவறமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் எழுதினேன்.

உன்,
ஆவுடையப்பன்


பனவடலிசத்திரம்,
16-9-1951

ஆவுடையப்பன் அவர்களுக்கு,

கடிதம் வியாழக்கிழமை சாயங்காலம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் சாவடிக்குப் போனேன்.

நாட்டாமை கேட்டார்: "ஏலே, வித்தியா, இல்ல சும்மா விட்டியா?"

"அவரு மூச்சு விட்டாரு. அதான் விட்டேன்."

"அம்பயருக்குக் கேக்காதது ஒனக்கு மட்டும் எப்படில கேட்டுச்சு?"

"எங்காதுக்கிட்டதான் அவரு வாய் இருந்துச்சு."

"அப்போ அந்த வாயால சொல்லச் சொல்லு. கேப்போம்."

நான் சும்மா நின்றேன். காட்டாதே என்று எழுதியிருந்தீர்கள். நான் சும்மா நிற்பதைப் பார்த்து, எல்லோருக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

நாட்டாமை நல்ல மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போய்ச் சொன்னார்: "இங்க பாரு மக்கா. வித்தேன்னு சொன்னா அதுக்கு ஒரு தண்டம் இருக்கு. சாவடியில விழுந்து கும்பிட்டு ஒரு கிடா வெட்டினா முடிஞ்சுது. கல்யாணமும் நடக்கும். சும்மா விட்டேன்னு நின்னா அதுக்கு நான் என்னத்தப் போடுவேன்? அப்படி ஒரு குத்தத்துக்கு இதுவரைக்கும் தண்டமே போட்டதில்லய."

திரும்பி வந்து, வித்தேன் என்று சொன்னேன்.

சொன்னதும் சாவடியில் எல்லோர் முகமும் தெளிந்தது. இத்தனை நாளாகப் புரியாதது இப்போது புரிந்துவிட்டது. "ஒத்த வேட்டிக்கா வித்தே? ரெண்டாக் கேட்டிருக்கலாம்ல, கூறுகெட்டவனே" என்றார் ஒரு பெரியவர். காளிராஜ் சிரித்துவிட்டான். ஆட்டம் முடிந்ததிலிருந்து அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

விழுந்து கும்பிட்டேன். கட்டுப் போட்ட தோளோடு விழுவது கொஞ்சம் சிரமம், காளிராஜே வந்து தூக்கிவிட்டான். கல்யாணம் ஐப்பசியில். இனி நான் களத்தில் இறங்கக் கூடாது. ஊர் அணிக்குக் காளிராஜ்தான் கேப்டன்.

பூமாரி மட்டும் வீட்டுக்கு வந்ததும், "நீ விக்கலன்னு எனக்குத் தெரியும்ணே. ஆனா இத வெளிய சொல்லிராத" என்றாள்.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கச் சொல்லியிருந்தீர்கள். எங்கள் தெருவில் கிழித்த காகிதத்தையும் ஒட்டவைத்துப் படிப்பார்கள். அதனால் அடுப்பில் போட்டேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம். உங்களிடமிருந்து தபால் வந்தால், இவன் என்னத்துக்கு விலை பேசுகிறான் என்பார்கள்.

தங்கப்பழம்


20-11-1951

அன்பு நண்பன் தங்கப்பழத்துக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு இது நான் எழுதுகிற மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. எழுத வேண்டாம் என்று நீ சொன்னதை மறக்கவில்லை; அவசரத்தினால் எழுதுகிறேன்.

பூமாரி கல்யாணம் நல்லபடியாக முடிந்திருக்கும். அழைப்பிதழ் வரவில்லை, தபாலில் தவறியிருக்கலாம்.

நீ சாவடியில் சொன்னது சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டது. முதலில் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே வேட்டியில் காரியத்தை முடித்துவிட்டான் என்று கடையில் என்னைப் புகழ்ந்தார்களாம். கமிட்டித் தலைவர்கூட, கேடயம் ஊரை விட்டுப் போகாமல் இருந்ததே என்று சந்தோஷப்பட்டாராம். அப்பாவிடம் போய், நான் யாரையும் விலைக்கு வாங்கவில்லை, என் மூச்சு விட்டது, அதனால்தான் அவன் விட்டான் என்று உள்ளதைச் சொன்னேன். "ஏலே, என்கிட்டயுமா?" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். உண்மையைச் சொன்னால் நம்புகிற ஆள் இப்போது இந்த ஊரில் எனக்கு இல்லை.

போன வாரம் யாரோ பள்ளிக்கூடத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்கள். ஆட்டத்தை விலைக்கு வாங்கியவன் பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுப்பான் என்று கேட்டிருக்கிறார்கள். மானேஜர் இந்த மாதக் கடைசிக்குள் எழுத்துமூலம் விளக்கம் கேட்கிறார். உன்னிடமிருந்து ஒரு வரி இருந்தால் நான் தப்பிப்பேன். 'நான் ஆட்டத்தை விற்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

அப்படியானால் ஏன் விட்டாய் என்று அவர்கள் கேட்கலாம். மூச்சு விஷயத்தை எழுதினால் எனக்குச் சங்கடம். ஆகவே 'கை வழுக்கிவிட்டது' என்று எழுதிவிடு. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஸ்டாம்பு ஒட்டி, என் விலாசம் எழுதிய கவர் உள்ளே இருக்கிறது. நீ உண்மையான விளையாட்டு வீரன், மறுக்கமாட்டாய் என்று நம்பிக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆவுடையப்பன்,
டிரில் மாஸ்டர் (தற்காலிகம்)